உன் மாமா நம் வீட்டுக்கு வராமல் போனது

மகனே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே ஒரே பார்வையில் படித்து முடித்துக் கோட்டுப் பையில் செருகிவிடுவாய். தமிழ் என்றால் உனக்கு உட்கார்ந்தால்தான் ஓடும். ஞாயிறு பள்ளியில் வசனம் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு வார்த்தையின் மேலும் விரலை வைத்துப் படிப்பாயே, அப்படிப் படி. அவசரம் இல்லை. இதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால் நீ படிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுமே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் பேசியது நினைவிருக்கிறதா? "என் ஆராய்ச்சிக்கு இன்னும் பர்மிஷன் கிடைக்கல அம்மா. எதிக்ஸ் கமிட்டி மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுல ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இருக்கார். மெடிசின்ல ஏபிசிடி தெரியாது. அவர் என்னைப் பார்த்து, இந்த நோயாளிங்ககிட்ட நீங்க எந்த பாஷையில பேசுவீங்கன்னு கேக்குறார்" என்றாய். உன் அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கோபமா அம்மா? கைக்கு?" என்று கேட்டாய். ஏன் என்பதற்கு நம் ஊர் உருது அது. இல்லை என்று தலையாட்டினேன். கோபம் இல்லைதான். அந்த ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருக்கும் மாதிரி ஒரு நாற்காலியில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. அங்கே நான் உட்கார்ந்ததால்தான் உன் சீலன் மாமா நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான் என்பதும் தெரியாது.

தாத்தா விட்டுப்போன பாளையங்கோட்டை வீட்டின் பங்குத் தகராறு என்றுதான் நீ இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசினார்கள். நானும் மறுக்கவில்லை. சொத்துச் சண்டை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அந்த வீட்டை நானும் அவனும் ஒரே மனதாக விற்று, ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். அதில் ஒரு மனக்கசப்பும் இல்லை.

எங்கள் அம்மா இறந்தபோது சீலன் அரை டவுசர் போட்ட பையன். எங்கள் அப்பா இங்கே செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்டு பார்த்தார். ஆகவே அவனைக் குளிப்பாட்டியது, தலைசீவியது, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான். எனக்குக் கல்யாணமாகி மாரெட்பள்ளிக்கு வந்த பிறகும் அவன் புத்தகப் பையோடு இங்கேயே வந்துவிடுவான். மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்த அன்று அவன் முதலில் ஓடிவந்தது அப்பாவிடம் இல்லை, நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூட வாசலுக்கு. பிறகு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியும் பாடமும் அவனுக்கு வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து கிரேஸ் அத்தையையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருவான். உனக்காக மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, சாக்கடைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து உன்னைப் பார்க்க வைப்பான். நீ இன்று டாக்டராக இருப்பதற்கு அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அவன் எங்கே போவான் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்திலேயே இருந்த, அப்பா அம்மா இல்லாத பெண்பிள்ளைகளின் ஹோமுக்கு. காசு வாங்காமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வருவான். அவர்களுக்கு அவன் பெயரே தெரியாது, சனிக்கிழமை டாக்டர் என்றுதான் சொல்வார்கள்.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய காலேஜில் எதிக்ஸ் கமிட்டி அமைத்தார்கள். மனிதர்களை வைத்தோ மிருகங்களை வைத்தோ ஆராய்ச்சி செய்வதானால் முதலில் இந்தக் குழு படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதில் மருத்துவத் துறையைச் சேராத ஒருவரும் இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லியிருந்தார்கள். யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது சீலன்தான் என் பெயரைச் சொன்னான். "எங்க அக்கா டீச்சர். யோசிச்சுப் பேசுவாங்க" என்றானாம். அக்கா எதையும் தடுக்க மாட்டாள் என்று நினைத்துச் சொன்னானா, அக்காவுக்கு உண்மையிலேயே யோசிக்கத் தெரியும் என்று நம்பிச் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முதன்முதலில் எங்களை அழைத்துப்போனது மிருகங்கள் இருந்த கட்டடத்துக்கு. வாசலிலேயே ஒரு வாடை. முயல்கள் பரவாயில்லை, சுத்தமாகத்தான் இருந்தன. உள்ளறையில் குரங்குகள், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத கூண்டுகளில். ஒன்று கம்பி வழியாகக் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இழுக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. சீலன் வந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக, குழந்தை கையை விடுவிப்பதுபோல விடுவித்தான். அன்று மீட்டிங்கில் கூண்டுகளைப் பெரிதாக்காமல் இனிமேல் குரங்குகளை வாங்கக் கூடாது என்று முதலில் பேசியவன் அவன்தான். செலவாகும் என்றார்கள். "அதுக்குப் பேசத் தெரியாது சார். நாமதான் பேசணும்" என்றான். அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மாளவில்லை. உன் அப்பா பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த களைப்பில், "கமிட்டின்னா டீயும் பிஸ்கட்டும்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து சீலனுடைய சொந்த ஆராய்ச்சி குழுவுக்கு வந்தது. டைபாய்டு வராமல் தடுக்கப் புதிதாக ஒரு ஊசி. முயலில் பார்த்தாயிற்று, குரங்கில் பார்த்தாயிற்று, வெளியூரில் பெரியவர்கள் சிலருக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. இனிமேல் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று போடுகிறவனுக்கே தெரியாது. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பிள்ளைகள் என்று பார்த்தேன். சனிக்கிழமை ஹோமின் பிள்ளைகள். அனைவருக்கும் சேர்த்து ஹோமின் வார்டன் அம்மா ஒரே கையெழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தார். உன் அப்பாவிடம் சொன்னேன். "தம்பி விஷயம். ஒடம்புக்கு முடியலன்னு சொல்லி அன்னிக்குப் போவாம இருந்துரு" என்றார். இன்றைக்கு இதற்கு விதி இருக்கிறது என்கிறாய், சொந்தக்காரர் ஆராய்ச்சி வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று. அன்று யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் போயிருப்பேனா என்றும் தெரியவில்லை.

ஹோம் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் படித்தார்கள். அதில் சுகந்தி என்று ஒருத்தி எட்டாம் வகுப்பில். ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, சுமை தூக்கும் வேலையில் இருந்தவரின் மகள், அம்மா அப்பா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் உருதுவுமாக வளர்ந்தவள். நீளக் கழுத்து. எப்போதும் யாருடைய ரிப்பனையோ கடன் வாங்கிக் கட்டியிருப்பாள். ஒருநாள் கணக்கு நோட்டுகளை ஸ்டாப் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் மட்டும் இருந்தேன். பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டேன். "சுகந்தி, ஒரு டாக்டர் வந்து புது மருந்து ஒன்னு இருக்கு, அது வேலை செய்யுதான்னு பாக்கணும், உனக்குப் போடட்டுமான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"எங்களக் கேப்பாங்களா டீச்சர்?" என்று சிரித்துவிட்டாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"கேட்டா?"

யோசித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நக்கோ, வேண்டாம்னு சொன்னா சோறு போடுவாங்களா டீச்சர்?" என்றாள்.

மகனே, அவள் பயந்து கேட்கவில்லை. அழுதுகொண்டும் கேட்கவில்லை. மழை வந்தால் விளையாட்டு பீரியட் உண்டா என்று கேட்பதுபோலக் கேட்டாள். பதில் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடக்கலாம் என்று. "போடுவாங்க, கட்டாயம் போடுவாங்க" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நோட்டுகளை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மீட்டிங் அன்று சீலன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். நன்றாக விளக்கினான். அந்த ஹோமில் ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை டைபாய்டு வந்துபோயிருந்தது அவனுக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைகள் படுத்துக் கிடந்ததைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியையே தொடங்கினான். அவன் நெஞ்சில் பிள்ளைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். எல்லோரும் மருந்தின் அளவு, ரத்தத்தின் அளவு என்று கேட்டார்கள். கடைசியில் தலைவராக இருந்த வயதான பேராசிரியர் என் பக்கம் திரும்பி, மேடத்துக்கு ஏதாவது கேள்வி உண்டா என்றார். இருக்காது என்ற குரலில்தான் கேட்டார். நான், ஏன் இந்த ஹோம் என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தண்ணீர் குடிக்கிறார்கள், ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார்கள், நடுவில் ஊரை விட்டுப் போய்விட மாட்டார்கள் என்றான் சீலன். அது நியாயமான பதில். அப்படியென்றால் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் செய்யலாமே, அங்கேயும் ஒரே தண்ணீர்தானே என்றேன். பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டர், அங்கே பெற்றோர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் மேடம் என்று சிரித்தபடியே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது நான் சுகந்தி கேட்டதைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, என் மாணவி என்று மட்டும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். சீலன் முகத்தைப் பார்த்தேன். யாரோ அறைந்தது மாதிரி இருந்தான். அதுவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அத்தனை பேர் நடுவில் தமிழில் கேட்டான். "நான் சோத்த நிறுத்திருவேன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சாக்கா?"

"நீ நிறுத்துவேன்னு சொல்லல சீலா. வேண்டாம்னு சொன்னா சோறு கெடைக்குமான்னு கேட்டா."

"நானாக்கா? நான் போயி அந்தப் பிள்ளைகள..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. மற்றவர்கள் மேசையையும் காகிதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்து, சோறு போட்டுக்கொண்டே அவனிடம் இதை முதலில் சொல்லியிருக்கலாம். குழுவில் வந்ததை வெளியே பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவனே மாற்றி எழுதியிருப்பான். அவனுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை என்பதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு அங்கே வார்த்தை கிடைக்கவில்லை. அன்பாக இருக்கிற ஒருவனிடம்தான் வேண்டாம் என்று சொல்வது பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம் என்பது இப்போது தெரிகிறது. சனிக்கிழமைதோறும் வந்து காது வலிக்கு மருந்து போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?

குழு வேண்டாம் என்று தீர்மானிக்கவில்லை. திருத்தி எடுத்து வரச் சொன்னது. விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஆராய்ச்சியில் சேராத ஒருவர் அவர்கள் மொழியில் விளக்க வேண்டும், சித்தி சித்தப்பா என்று யாராவது இருந்தால் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும், ஹோம் பிள்ளைகளை மட்டும் எடுக்காமல் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். அதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். மருந்தைக் கொடுத்தவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சீலன் அதன் பிறகும் சில ஞாயிறுகள் நம் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். உன்னோடு மட்டும் பேசினான். ஆனால் ஹோமுக்குப் போவதை நிறுத்திவிட்டான். வார்டன் அம்மா என்னிடம் கேட்டபோது அவனுக்கு வேலை அதிகம் என்றேன். அவன் மனது ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ஹோமில் டைபாய்டு வந்தது. நாலைந்து பிள்ளைகள் படுத்தார்கள். சுகந்தி பரீட்சை போய்விடும் என்று காய்ச்சலைச் சொல்லாமல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்ததை நானும் பார்த்தேன். தூக்கமில்லை என்றாள். சனிக்கிழமையாவது யாராவது நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வயிற்று வலி தாங்காமல் அவள் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடலில் ஓட்டை விழுந்திருந்தது. மற்ற பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அவள் தேறவில்லை.

அடக்கத்துக்கு ஹோம் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். சீலன் எப்போது வந்தான் என்று தெரியாது, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்தான். எல்லாம் முடிந்து மண் தள்ளிய பிறகு என்னிடம் வந்தான். கண் வீங்கியிருந்தது. "ஒன் கமிட்டிக்கு இப்பத் திருப்திதான அக்கா?" என்றான்.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அவன் அழுதுகொண்டு சொன்னது அது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் பக்கத்தில் நிற்கிற என்னைத்தான் அடிப்பான், அதே அடிதான் இது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. "நீ ஏன் சனிக்கெழம வராம இருந்தே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்து உதைத்து, கடைசியில் தள்ளிக்கொண்டே போனான். அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுப் படி ஏறவில்லை. மைக்ராஸ்கோப்பை மட்டும் யாரிடமோ கொடுத்து உனக்கு அனுப்பினான். நீ சந்தோஷப்பட்டாய்.

அந்த ஊசி போட்டிருந்தால் சுகந்தி பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. அவளுக்கு உப்புத் தண்ணீர் விழுந்திருக்கலாம். மருந்தே விழுந்திருந்தாலும் அது வேலை செய்யாத மருந்தாக இருந்திருக்கலாம். பிழைத்தும் இருக்கலாம். இதை எத்தனையோ தடவை எனக்குள் போட்டுப் புரட்டியிருக்கிறேன், எந்தப் பக்கமும் நிற்பதில்லை. மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் அதே கேள்வியைத்தான் கேட்பேன். அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவேன் என்று மட்டும் நினைக்காதே.

போன வருஷம் சீலனுக்கு மாரடைப்பு வந்தபோது கிரேஸ் அத்தை பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாள். "மைனி, அவங்க ஒங்கள வரச்சொல்லல. நாந்தான் கூப்பிடுதேன்" என்றாள். போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தான். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்றான். நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று மதியம் ஒரு சின்ன வயது டாக்டர், உன் வயதுதான் இருக்கும், காகிதத்தோடு வந்தார். இதயத்துக்குப் புது மருந்து ஒன்றை ஆராய்கிறோம், இவரையும் அதில் சேர்க்கலாமா என்று என்னிடம் விளக்க ஆரம்பித்தார். படுத்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. சீலன் கண்ணைத் திறந்து, "பேஷண்ட் நான்தான் பாபு. என்கிட்ட சொல்லுங்க" என்று தெலுங்கில் சொன்னான். அந்தப் பையன் தடுமாறிவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார். சீலன் பொறுமையாகக் கேட்டான். வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேட்டான். ஒன்றும் ஆகாது சார், இப்போது பார்க்கிற வைத்தியமே தொடரும் என்றார். "நீங்க தினமும் வந்து பாப்பீங்களா?" "கட்டாயம் வருவேன் சார்." சீலன் ரொம்ப நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "அந்தப் பிள்ள பேரு என்னக்கா?"

"சுகந்தி."

"ஆமா. சுகந்தி" என்றான்.

மறந்திருக்க மாட்டான், மகனே. நிச்சயமாக மறந்திருக்க மாட்டான். அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவனும் ஏதோ சொல்ல வந்தான் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நர்ஸ் வந்தாள், பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். "கஞ்சி குடிக்கியா" என்று கேட்டேன். "பொறவு" என்றான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். அன்று சாயங்காலமே போய்விட்டான். நீ டெல்லியிலிருந்து வந்து இறங்கியபோது சவப்பெட்டியை மூடாமல் உனக்காக வைத்திருந்தோம்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஹெட்மாஸ்டர் சொல்வது எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன், அவர் வெறும் பிடிவாதக்காரராகவும் இருக்கலாம். ஆனால் நோயாளியிடம் எந்த மொழியில் பேசுவாய் என்று அவர் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. சிரித்ததோடு சரி. யோசித்துப் பார். பீகாரிலிருந்து வந்து உன் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடக்கும் அம்மாவுக்கு நீ ஆங்கிலத்தில் அடித்து வைத்திருக்கும் காகிதம் புரியுமா? அவள் வேண்டாம் என்று சொன்னால் உனக்கு முகம் சுருங்குமா? சுருங்கினால் அவள் பார்த்துவிடுவாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்காதே. உனக்கு மனத்தாங்கல் வந்தாலும், உன் காகிதங்களை அவர்கள் பத்துத் தடவை திருப்பி அனுப்பினாலும், வார்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதே. காத்திருக்கிற நோயாளிக்கு உன் கமிட்டிச் சண்டை தெரியாது.

கடைசியாக ஒன்று. உன் மாமா நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான், நிறுத்தினான் என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவன் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பஸ் பிடித்து, அமீர்பேட்டில் இறங்கி மாறினால் குகட்பள்ளியில் அவன் வீடு. எந்நேரமும் பஸ் உண்டு. நான் மூத்தவள், அவன்தான் வரட்டும் என்று இருந்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

உன் அம்மா